காப்பும் தீங்கின்மையும் – சன்ஸ்கிரீனை முன்வைத்து

1

‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லை நாம் இரு வேறு பொருள்களில் புழங்கி வருகிறோம். மதில் ஊருக்குப் பாதுகாப்பு என்போம். இந்தக் கிணற்று நீர் பாதுகாப்பானது என்றும் சொல்வோம். முதல் வாக்கியத்தில் அது வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுத்து நிறுத்தும் காப்பு. இரண்டாவதில், அந்தப் பொருளாலேயே நமக்குக் கேடு விளையாது என்கிற உறுதி. அதைத் தீங்கின்மை என்று வைத்துக்கொள்வோம். பகைவனைத் தடுத்த மதில் ஒரு மழைக்காலத்தில் சரிந்து, உள்ளே இருப்பவர்களைக் கொல்லவும் கூடும். அன்றைக்கு, ‘இந்த மதில் எத்தனை படையெடுப்புகளைத் தடுத்தது தெரியுமா?’ என்று கேட்பது பதிலாகாது.

சன்ஸ்கிரீன் என்னும் வெயில்காப்புக் களிம்பைப் பற்றி மேலைநாடுகளில் கடந்த சில ஆண்டுகளாக நடந்துவரும் சச்சரவு முழுவதும் இந்த ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கு நடுவே சிக்கிக் கிடக்கிறது என்பது நம் எண்ணம். ஒரு தரப்பு, களிம்பு தரும் காப்பைக் காட்டிவிட்டு, அதிலேயே தீங்கின்மையும் நிறுவப்பட்டுவிட்டதாகப் பேசுகிறது. மறுதரப்பு, தீங்கின்மை நிறுவப்படவில்லை என்பதைக் காட்டிவிட்டு, தீங்கே நிறுவப்பட்டுவிட்டதாகக் கூச்சலிடுகிறது. இரண்டும் தர்க்கப் பிழைகள். முதல் பிழை வெள்ளை அங்கி அணிந்து வருகிறது. இரண்டாவது பிழை மூலிகை வாசனையோடு வருகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

நம் சண்டை இரு தரப்போடும். ஆனால் இரண்டையும் சம எடையில் வைத்து நடுநிலை பாராட்டும் உத்தேசம் நமக்கில்லை. பயத்தை விற்பவர்களுக்குச் சரக்கு எங்கிருந்து கிடைத்தது என்று பார்த்தால், அது விடை சொல்லவேண்டியவர்கள் பல பத்தாண்டுகள் வாய் திறக்காமல் இருந்த இடத்திலிருந்துதான் கிடைத்தது. ஆகவே குற்றப்பத்திரிகையின் முதல் பெயர் அவர்களுடையதாகவே இருக்கும்.

2

முதலில் காப்பு குறித்த வழக்கை முடித்துவிடுவோம். அதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை.

சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992இல் வகைப்படுத்தியது. அந்தக் கதிரைக் களிம்பு தடுக்கிறதா என்பதற்கு நம்மிடம் இருக்கும் சிறந்த சான்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள நாம்பர் என்ற ஊரிலிருந்து வருகிறது. அங்கே 1992இல் 1,621 பேரைத் தற்செயல் முறையில் இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறினர் தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் களிம்பு பூசவேண்டும். மறு கூறினர் தங்கள் வழக்கப்படி இருந்துகொள்ளலாம். 1996 வரை ஆய்வு நடந்தது. நாள்தோறும் பூசியவர்களிடையே ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. அதே மனிதர்களை மேலும் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியான கட்டுரை, தோல் புற்றுகளிலேயே கொடிய வகைகளில் ஒன்றான மெலனோமா பூசியவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் வந்ததாகச் சொன்னது. எண்ணிக்கை சிறியது, புள்ளியியல் நோக்கில் விளிம்பில் நிற்கும் முடிவு. ஆயினும் தற்செயல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு என்பதால் அதன் சொல்லுக்கு மதிப்புண்டு.

இந்த ஆய்வைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு தகவலையும் சொல்லவேண்டும். அந்தக் களிம்பில் இருந்த வடிகட்டிகள் 8 விழுக்காடு ஆக்டினாக்ஸேட், 2 விழுக்காடு ஏவோபென்ஸோன். இன்று பெயரைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கும் அதே ‘கெமிக்கல்’கள்தாம் அந்த ஊர்க்காரர்களின் புற்றுக்கட்டிகளைக் குறைத்தன. சன்ஸ்கிரீனே ஒரு சதி, புற்றுநோயை உண்டாக்குவது வெயில் அல்ல, களிம்புதான் என்று எழுதுபவர்கள் நாம்பரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டுப் பிறகு பேசட்டும்.

காப்பு உண்டு. சரி. தீங்கின்மை?

3

களிம்பில் வேலை செய்யும் பொருள்கள் இருவகை. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு என்னும் தாதுப்பொடிகள் ஒருவகை. இவை தோலின் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. மற்றது ஆக்ஸிபென்ஸோன், ஏவோபென்ஸோன், ஆக்டோகிரிலீன், ஹோமோசலேட் போன்ற கரிமச் சேர்மங்கள். இவை புற ஊதாக் கதிரை வாங்கி வெப்பமாக மாற்றி வெளியேற்றுகின்றன. (தாதுப்பொடிகள் கண்ணாடிபோலக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்பது விற்பனைப் படம். அவையும் பெரும்பாலும் உறிஞ்சித்தான் தடுக்கின்றன.) கரிமச் சேர்மங்களில் பல, கொழுப்பில் எளிதில் கரையும் சிறு மூலக்கூறுகள். தோலும் கொழுப்பாலான ஒரு தடுப்புத்தான். அத்தகைய மூலக்கூறு தோலின் வெளிப்புறத்திலேயே நின்றுவிடுமா, உள்ளே போகுமா என்ற கேள்வி முதல் நாளே எழுந்திருக்கவேண்டியது.

எப்போது எழுந்தது என்று பார்ப்போம். 1978இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு, ஆக்ஸிபென்ஸோனை 6 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டது. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலர், களிம்பு பூசிக்கொண்டவர்களின் சிறுநீரில் ஆக்ஸிபென்ஸோன் வருவதை லான்செட் இதழில் ஒரு சிறு கடிதமாக வெளியிட்டார்கள். தோலில் பூசியது சிறுநீரில் வருகிறதென்றால் இடையில் அது இரத்தத்தைக் கடந்துதான் வந்திருக்கவேண்டும். இதற்குப் பெரிய மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. 2008இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள், 2003–2004இல் நாடு தழுவித் திரட்டிய சிறுநீர் மாதிரிகளில் ஏறத்தாழ 97 விழுக்காட்டில் ஆக்ஸிபென்ஸோன் இருப்பதைக் கண்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர்!

இவ்வளவுக்கும் பிறகு, இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று முறைப்படி அளந்து பார்த்த ஆய்வு வந்தது 2019 மே மாதத்தில். அதைச் செய்ததும் விற்பனை நிறுவனங்கள் அல்ல. உணவு மருந்து நிர்வாகமே தன் ஆய்வாளர்களைக் கொண்டு செய்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டது. 24 பேர், நான்கு நாள்கள், நாளொன்றுக்கு நான்கு முறை, உடற்பரப்பில் முக்கால் பங்கு. சோதித்த நான்கு சேர்மங்களுமே மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் என்ற எல்லையைத் தாண்டின. 2020 ஜனவரியில் 48 பேரைக் கொண்டு ஆறு சேர்மங்களைச் சோதித்தார்கள். ஒரே ஒரு முறை பூசியதிலேயே ஆறும் எல்லையைக் கடந்தன. ஆக்ஸிபென்ஸோனின் உச்ச அளவு களிம்பு வகையில் சராசரியாக 250 நானோகிராமுக்கும் மேலே போயிற்று, அதாவது எல்லையைப்போல் ஐந்நூறு மடங்கு. பூசுவதை நிறுத்திய பிறகும், ஆய்வின் 21ஆம் நாளில்கூட, பாதிப் பேருக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தில் ஆக்ஸிபென்ஸோனும் ஹோமோசலேட்டும் எல்லைக்கு மேலேயே இருந்தன.

1978க்கும் 2019க்கும் இடையே 41 ஆண்டுகள். ஒரு தலைமுறை குழந்தைகளாக இந்தக் களிம்பைப் பூசிக்கொண்டு வளர்ந்து, தம் குழந்தைகளுக்கும் பூசிவிட்டாயிற்று. அத்தனை காலம் கழித்து, ‘அட, இது இரத்தத்தில் சேர்கிறதே!’ என்று ஒரு அரசு நிறுவனம் தன் செலவில் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. நம் கோபம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

4

அந்த 0.5 நானோகிராம் எல்லையைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. அது நச்சின் எல்லை அல்ல. அதற்குமேல் போனால் நோய் வரும் என்று பொருளில்லை. ஒரு சேர்மம் இரத்தத்தில் அதைவிடக் குறைவாகச் சேருமானால், புற்றுநோய்ச் சோதனை, இனப்பெருக்கச் சோதனை போன்ற சிலவற்றைச் செய்யாமல் விட்டுவிடலாம் என்பது விதி. தாண்டினால், சோதித்தாகவேண்டும். தேர்வு எழுதாமலேயே தேறியதாகக் கொள்ளும் சலுகை இனி இல்லை, தேர்வு எழுது என்பதே அதன் சாரம். தோற்றுவிட்டாய் என்று அது சொல்லவில்லை. ஆய்வாளர்களும் இதைத் தெளிவாக எழுதினார்கள். இந்த முடிவுகளைக் கண்டு சன்ஸ்கிரீனை நிறுத்திவிடவேண்டாம் என்றும் சேர்த்தே எழுதினார்கள்.

2019 பிப்ரவரியில் அந்த நிர்வாகம் வெளியிட்ட முன்மொழிவு இதையே சட்ட மொழியில் சொன்னது. அமெரிக்கச் சந்தைக்கு அனுமதிக்கப்பட்டிருந்த 16 வடிகட்டிப் பொருள்களில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு ஆகிய இரண்டு மட்டுமே பாதுகாப்பும் பயனும் உடையவையாக ஏற்கத்தக்கவை. பாபா, டிரோலமைன் சாலிசிலேட் இரண்டும் ஏற்கத்தக்கவை அல்ல. எஞ்சிய 12 பற்றி முடிவெடுக்கப் போதிய தரவு இல்லை. 2021 செப்டம்பரில் வந்த புதிய முன்மொழிவும் அதே பட்டியலை அப்படியே திருப்பிச் சொன்னது. இடையில் கழிந்த இரண்டரை ஆண்டுகள் அந்தப் பன்னிரண்டில் ஒன்றையும் கரையேற்றவில்லை.

தொழில்துறையும் அதன் அனுதாபிகளும் இதற்குச் சொல்லும் மறுமொழிகள் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

‘உறிஞ்சப்படுவது வேறு, தீங்கு வேறு’ என்பது முதலாவது. முழுக்க உண்மை. நாமும் அதையே சொல்கிறோம். ஆனால் இந்த உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்துபோவது எப்படி? உறிஞ்சப்படுகிறது என்று தெரிந்த பிறகு, தீங்கு உண்டா இல்லையா என்று பார்ப்பது உங்கள் வேலை. வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியதே அந்த வேலையைச் செய்துமுடித்ததாகிவிடுமா?

‘யாரும் பூசாத அளவுக்குப் பூசிச் சோதித்தார்கள்’ என்பது இரண்டாவது. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண், தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி அளந்து பெறப்பட்டது. ஆய்வாளர்கள் பூசியதும் அதே 2 மில்லிகிராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுக என்பதும் டப்பாவின் கட்டளை. மக்கள் உண்மையில் பூசுவது அதில் காற்பங்கோ பாதியோதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியானால், காப்பைக் கணக்கிடும்போது மட்டும் 2 மில்லிகிராம், தீங்கைக் கணக்கிடும்போது யாரும் அவ்வளவு பூசுவதில்லையா? கொடுக்கும்போது ஒரு படி, வாங்கும்போது வேறு படி வைத்திருக்கும் கடைக்காரரை ஊரில் என்ன சொல்வோம் என்று நாம் எழுதவேண்டியதில்லை.

‘பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் பூசுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே’ என்பது மூன்றாவது. வலுவானதுபோல் தோன்றுவது இதுதான்; நம் பார்வையில் பலவீனமானதும் இதுதான். ஒரு சேர்மம் சடுதியில் ஆளைச் சாய்த்தால் அனுபவம் அதைக் காட்டிக்கொடுக்கும். ஹார்மோன்களின் போக்கைச் சற்றே மாற்றுவது, கருவின் வளர்ச்சியில் நுட்பமாகத் தலையிடுவது போன்ற ஐயங்களை அனுபவத்தால் தீர்க்கமுடியாது. ஒப்பிட்டுப் பார்க்கத் தொடப்படாத கூட்டம் ஒன்று வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேரின் உடலில் புகுந்துவிட்ட பொருளுக்கு அந்தக் கூட்டத்தை எங்கே போய்த் தேடுவது? ‘பார்த்தோம், இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை, ஆகவே இல்லை’ என்பதும் ஒன்றல்ல.

ஐரோப்பாவிலும் சங்கதி ஒரு கட்டத்தில் இங்கேதான் வந்து நின்றது. அங்கே சன்ஸ்கிரீன் மருந்தல்ல, அழகுசாதனம். ஆயினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு தரவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது பழைய எல்லைகள் தளர்வானவை என்று கண்டது. 2022இல் புது விதிகள் வந்தன. உடல் முழுதும் பூசும் களிம்புகளில் ஆக்ஸிபென்ஸோன் 2.2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. முன்பு 10 விழுக்காடு வரை அனுமதிக்கப்பட்டிருந்த ஹோமோசலேட், முகப்பூச்சுகளில் மட்டும் 7.34 விழுக்காடு வரை. அமெரிக்க விதி அதே ஹோமோசலேட்டுக்கு வகுத்திருந்த உச்ச வரம்பு 15 விழுக்காடு. அட்லாண்டிக்கைத் தாண்டினால் மனிதத் தோல் இரண்டு மடங்கு தடித்துவிடுகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இதில் ஒரு மெய்யான சிக்கலையும் மறைக்கக்கூடாது. அமெரிக்கா கேட்கும் சோதனைகளில் பல விலங்குகளின்மீது செய்யப்படுபவை. ஐரோப்பாவிலோ, விலங்குகளில் சோதித்த அழகுசாதனங்களை விற்பதற்கு 2013 முதல் முழுத்தடை. எலிகளின் வலியும் ஒரு கணக்கு. அதை நாம் எளிதாகத் தள்ளிவிடமாட்டோம். ஆனால் ஒன்று கேட்போம். எலியின்மீது சோதிக்கக்கூடாது என்ற அறவுணர்வு, சோதிக்காமலேயே மனிதர்மீது பூசலாம் என்ற முடிவில் கொண்டுவிடுமானால், சோதனை நின்றுவிட்டதா, சோதனை எலி மாறியிருக்கிறதா?

5

இனி மறுதரப்பு.

ஆக்ஸிபென்ஸோன் ‘ஹார்மோனைக் கெடுக்கும்’ என்ற முழக்கத்தின் வேர்களில் ஒன்று 2001இல் வெளியான எலி ஆய்வு. முதிராத பெண் எலிகளுக்கு அந்தச் சேர்மத்தை மிகுந்த அளவில் உணவோடு கொடுத்தபோது கருப்பையின் எடை கூடியது. பத்தாண்டுகள் கழித்து வேறு சில ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்கிட்டார்கள்: முகம், கழுத்து, கைகளில் வழக்கமான அளவில் களிம்பு பூசும் ஒரு பெண் அந்த எலிகளுக்குக் கிடைத்த மொத்த அளவை எட்ட 200 ஆண்டுகளுக்கும் மேலாகும். எலிக் கருப்பையைக் காட்டிப் பெண்களை அச்சுறுத்துபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. (இந்தக் கணக்கினால் தீங்கின்மை நிறுவப்பட்டுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட பயம் மிகையானது என்று தெரிகிறது, அவ்வளவே.)

2021 மே மாதம் அமெரிக்காவில் வாலிஷ்யூர் என்ற தனியார் ஆய்வகம் 294 தொகுதிச் சன்ஸ்கிரீன்களைச் சோதித்து, அவற்றில் 78இல் பென்சீன் இருப்பதாக அறிவித்தது. பென்சீன் இரத்தப் புற்றை உண்டாக்கும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. ஜூலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் தெளிப்பு வகைகள் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. உடனே ‘பார்த்தீர்களா, சன்ஸ்கிரீனில் புற்றுநோய்!’ என்று ஒரு ஊர்வலம். பென்சீன் எந்தச் சன்ஸ்கிரீனிலும் உட்பொருளாகச் சேர்க்கப்படுவதில்லை. அது வழியில் புகுந்த மாசு. பெட்ரோலிய வாயுவால் பீய்ச்சப்படும் தெளிப்பான்களில் அதிகம் காணப்பட்டது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட தொகுதிகளில் அது இல்லவே இல்லை என்பதே, இல்லாமல் தயாரிக்க முடியும் என்பதற்குச் சான்று. ஆகவே இது தொழிற்சாலையின் கவனமின்மையைப் பற்றிய வழக்கு, மூலக்கூறுகளைப் பற்றியதல்ல. மாசையும் உட்பொருளையும் ஒரே கூடையில் போட்டுக் குலுக்குவது நேர்மையான வாதமுறை ஆகாது.

இந்தக் குலுக்கலின் முடிவில் ஒரு டப்பா நீட்டப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ‘கெமிக்கல் இல்லாதது’ என்று அதன்மேல் எழுதியிருக்கும். துத்தநாக ஆக்சைடும் ஒரு வேதிப்பொருள்தானே என்று கேட்டால் பதில் வராது. அல்லது தேங்காயெண்ணெயும் ஏதோ விதையெண்ணெயும் கலந்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்பார்கள். தேங்காயெண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் நல்லது, புற ஊதாக் கதிரை நம்பத்தகுந்த அளவில் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. பெருநிறுவனத்தின் சோதிக்கப்படாத பொருளுக்கு மாற்று, சிறுநிறுவனத்தின் சோதிக்கப்படாத பொருள் என்றால் அது மாற்று ஆகுமா?

பவளத்திட்டு வாதமும் ஏறக்குறைய இப்படித்தான் பயன்படுத்தப்படுகிறது. ஹவாய் மாநிலம் 2018இல் சட்டமியற்றி, 2021 ஜனவரி முதல் ஆக்ஸிபென்ஸோனும் ஆக்டினாக்ஸேட்டும் கொண்ட களிம்புகளின் விற்பனையைத் தடுத்தது. பலாவ் நாடு அதற்கும் ஓராண்டு முன்பே தன் தடையைச் செயலுக்குக் கொண்டுவந்தது. 2022இல் அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடற்சாமந்தி என்னும் உயிரி ஆக்ஸிபென்ஸோனைத் தன் உடலுக்குள் சர்க்கரையோடு இணைத்து, வெயில் பட்டால் நஞ்சாகும் பொருளாக மாற்றிவிடுவதைச் சோதனைச்சாலையில் காட்டினார்கள். அக்கறை நியாயமானதே. ஆனால் பவளங்கள் வெளிறிச் சாவதற்கு முதற்காரணம் கடல் வெப்பமாவது. களிம்பை மாற்றிக்கொண்டுவிட்டு விமானமேறித் தீவுக்குப் போகும் பயணி, பவளத்துக்குத் தான் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று நிம்மதி கொள்ளும்போது, சங்கடமான கேள்வியொன்று வசதியாக அடங்கிவிடுகிறது.

6

இதெல்லாம் ஆஸ்திரேலியருக்கும் அமெரிக்கருக்கும் உரிய விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். அதே மூலக்கூறுகள்தாம் நம் மருந்துக்கடை அலமாரியிலும் இருக்கின்றன. இந்தியச் சட்டத்தில் சன்ஸ்கிரீன் அழகுசாதனம். மருந்துக்குக் கேட்கும் சான்றுகளை அதனிடம் கேட்பதில்லை. ஆனால் நம்மைப் பொறுத்தவரை தராசின் மறுதட்டும் மாறிவிடுகிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

நாம்பர் ஊரின் கணக்கு பெரும்பாலும் வெள்ளைத் தோலின் கணக்கு. மெலனின் மிகுந்த தோலில் மெலனோமா பன்மடங்கு அரிது. வரும்போதும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் அதிகம் படாத இடங்களில் வருவது வழக்கம். ஆக, கருத்த தோலினருக்குக் காப்பின் தட்டில் இருக்கும் எடை குறைவு. தீங்கின் தட்டில் இருக்கும் தெரியாத எடையோ எல்லாருக்கும் ஒன்றே. குயின்ஸ்லாந்துக்காரருக்குக் கொடுக்கும் அறிவுரையை ஒரு சொல் மாற்றாமல் நமக்கும் கொடுப்பது மருத்துவம் அல்ல, நகலெடுப்பு.

இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் எழுதித்தந்த களிம்பைத் தூக்கியெறிந்துவிடக்கூடாது. பிறவியிலேயே மெலனின் குன்றியவர்கள், வெண்புள்ளி உள்ளவர்கள், லூபஸ் நோயாளிகள், வெயில் பட்டால் தோலில் எதிர்வினை உண்டாக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள், முகத்தில் மங்கு படர்ந்தவர்கள் ஆகியோருக்குக் களிம்பு அலங்காரம் அல்ல, தேவை. அவர்களுக்காகவே நாம் இன்னும் உரக்கப் பேசவேண்டும். ஏனெனில் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளும் வசதி அவர்களுக்கில்லை.

இங்கே நமக்குப் பெரிதும் உறுத்துவது ஒன்றுண்டு. நிர்வாகம் ஐயமின்றி ஏற்ற இரண்டே பொருள்கள் அந்தத் தாதுப்பொடிகள் என்று பார்த்தோம். வெளுத்த தோலில் அவை கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும். கருத்த தோலில் சாம்பல் பூத்ததுபோல் வெளேரென்று நிற்கும். வேலைக்கும் வகுப்புக்கும் போகவேண்டிய பெண் அந்த முகத்தோடு எப்படிப் போவாள்? ஆகவே அவள் கை, நிறமற்றுக் கரையும் மற்ற வகையை நோக்கித்தான் போகும். பொடியை மிக நுண்ணியதாக்கினால் வெண்மை குறையும்தான். தெளிப்பு வடிவில் அத்தகைய பொடி நுரையீரலுக்குள் போகலாகாது என்பது இன்னொரு கவலை. எந்தத் தோலுக்குக் காப்பின் தேவை குறைவோ, அந்தத் தோலுக்கே ஐயத்துக்குரிய வகை மிகுதியாக வாய்க்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. யாருடைய தோலை மனத்தில் வைத்து ஒரு பொருள் உருவாக்கப்படுகிறது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் இது.

இதன்மேல் நம் ஊர் விளம்பரங்கள் செய்யும் காரியம் வேறு. ‘கருத்துப்போகாமல் காக்கும்’ என்பதே இங்கே களிம்பை விற்கும் வாக்கியம். புற்றுநோய்க்கு அஞ்சிச் செய்யப்பட்ட ஒரு பொருள், நிறத்துக்கு அஞ்சுபவர்களிடம் விற்கப்படுகிறது. நோயைத் தடுக்கச் சிறு ஆபத்தை ஏற்பதில் அறிவுண்டு. நிறத்தைத் தடுக்க ஏற்பதில் என்ன அறிவிருக்கிறது?

7

பின் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: நண்பகல் வெயிலில் நிழல் நாடுங்கள், குடை பிடியுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். வயலில் களையெடுக்கும் பெண்கள் சேலைக்குமேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வது இரத்தத்தில் எதையும் சேர்ப்பதில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் களிம்பைவிட நிழலே வழி என்று அமெரிக்க நிர்வாகமே அறிவுறுத்துகிறது. அப்படியும் மணிக்கணக்கில் வெயிலில் நிற்கவேண்டியவர்கள், தோல் நோயுள்ளவர்கள், வெளுத்த தோலினர் எல்லாரும் களிம்பைப் பூசத்தான் வேண்டும். தெரிந்த கேட்டுக்கும் தெரியாத கேட்டுக்கும் இடையே தெரிந்ததைத் தடுப்பதே முறை.

ஆனால் தனிமனிதருக்கான இந்த அறிவுரையோடு இதை முடித்துக்கொள்வதில் நமக்கு உடன்பாடில்லை. ‘உங்கள் தோலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்’ என்று நுகர்வோரிடம் சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறிவிடுகிறது. 2025 ஜூனில் ஆஸ்திரேலியாவின் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, எஸ்.பி.எஃப். 50 அல்லது 50+ என்று அச்சிட்ட 20 களிம்புகளைச் சோதித்தபோது 16 களிம்புகள் தம் எண்ணை எட்டவில்லை. ஒன்று 4இல் நின்றது. உலகிலேயே தோல் புற்று மிகுந்த நாடுகளுள் ஒன்றில், சன்ஸ்கிரீனை மருத்துவப் பொருளாகக் கருதும் சட்டம் உள்ள நாட்டில், காப்பின் கதியே இது. தீங்கின்மையைத் தேர்ந்தெடுக்க நுகர்வோரிடம் என்ன இருக்கிறது? கண்ணாடிக் குடுவையா, இரத்தம் அளக்கும் கருவியா?

நாம் கேட்பது தடையை அல்ல. நாற்பது ஆண்டுகள் விற்றுப் பொருளீட்டியவர்கள், நிர்வாகம் கேட்ட தரவுகளைத் தங்கள் செலவில், கெடுவுக்குள், பொதுவில் வைக்கவேண்டும். கெடு தவறினால், ‘இந்தப் பொருளின் தீங்கின்மை இன்னும் நிறுவப்படவில்லை’ என்று எண்ணுக்குப் பக்கத்தில் அதே பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். எஸ்.பி.எஃப். எண்ணை விற்பனையாளரின் கூலி பெறாத ஆய்வகம் அளக்கவேண்டும். கருத்த தோலினரை ஆய்வில் சேர்த்து, அவர்களுக்கான அறிவுரையைத் தனியே எழுதவேண்டும்.

விடை தெரியாமலிருப்பது குற்றமல்ல. அறிவியலில் அது அன்றாட நிலை. விடை தேடாமல் காலங்கடத்தி, அந்தத் தாமதத்துக்கான தொகையைப் பூசுகிறவரின் உடலிலிருந்து வசூலிப்பது குற்றம். அதுவரை, டப்பாவில் ‘பாதுகாப்பு’ என்று எழுதியிருந்தால் எந்தப் பாதுகாப்பு என்று கேட்போம். கேட்பவரைப் பயங்கொள்ளி என்று ஏளனம் செய்பவர்களிடமும், கேள்வியைப் பிடுங்கிக்கொண்டு தேங்காயெண்ணெய் விற்க வருபவர்களிடமும் அதையே திருப்பிக் கேட்போம்.